தங்கச்சியின் ஜெபமும் என் வயிற்றெரிச்சலும்

1

போன செப்டம்பரில் ஒருநாள் ஜெமிமாவின் பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது. அயர்லாந்துக்கு வந்து பத்து வருஷமாகிவிட்டது. ஆனாலும் போனில் வரும் இந்த ஊர் இங்கிலீஷ் முதல் இரண்டு வாக்கியத்துக்கு எனக்குப் பிடிபடாது. மூன்றாவதில்தான் விஷயம் விளங்கியது. வருஷா வருஷம் பிள்ளைகள் நிரப்பிக் கொடுக்கிற படிவத்தில் என் மகள் ஒரு வெளிநாட்டு நம்பரை எழுதியிருக்கிறாளாம். அதைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லையாம். வேறு நம்பர் தர முடியுமா என்று ஆபீஸ் பெண் மரியாதையாகக் கேட்டாள்.

"எந்த இடத்தில் எழுதியிருக்கிறாள்?" என்றேன்.

மனசில் ஏதாவது கஷ்டம் என்றால் யாரிடம் சொல்வாய், நீ நம்புகிற ஒரு பெரியவர் பெயரை எழுது என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் எஸ்தர் என்று எழுதி, உறவு என்ற இடத்தில் 'சித்தி' என்று போட்டிருக்கிறாள். அந்தப் பெண் 'சித்தி'யை எழுத்துக்கூட்டித் தடுமாறி வாசித்தாள். அது நம் ஊர்ப் பெயரோ நோயின் பெயரோ என்று அவளுக்குச் சந்தேகம் போல.

நான் அப்போது டியூட்டியில் இருந்தேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரு கையில் ஒரு பாட்டிக்கான மாத்திரைக் கிண்ணம், இன்னொரு கையில் போன். பெற்றவள் நான் இருக்கிறேன், ஒரே கூரையின் கீழே. காலையில் தோசை சுட்டு டப்பாவில் வைத்து அனுப்புகிறேன். மனசில் கஷ்டம் என்றால் அவள் போய்ச் சொல்வது கேரளா மலையில் பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சியிடமா? வயிறு எரிந்தது. வேறு எந்த வார்த்தையும் போட்டு இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

"என் நம்பரையே போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கம்ப்யூட்டர் அதை உடனே ஏற்றுக்கொண்டது.

2

எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நான்கு வயது இளையவள். ப்ளஸ் டூவில் தோற்றாள். அம்மா ரிட்டயர் ஆனதும் அந்த வேலைக்கே கொழுந்து பறிக்கப் போய்விட்டாள், இன்றுவரைக்கும் அதுதான். வீட்டுக்காரர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார், வீடு திரும்ப ராத்திரி எட்டாகும். பிள்ளை இல்லை. அப்பா அம்மா போனபிறகு அந்த மலையில் எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் நான்தான். வேதாகம மனன வசனப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு. வாலிபர் முகாமில் நான் ஜெபிக்க ஆரம்பித்தால் பின்னால் இருக்கிற பெண்கள் எல்லாம் முக்காட்டை இழுத்துவிட்டு அழுவார்கள். எஸ்தருக்கு ஜெபிக்கவே வராது. குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால், "ஆண்டவரே... அப்பா, அம்மா, அக்கா, மாமா..." என்று பேர்களைச் சொல்வாள். அப்புறம் பேச்சு நின்றுவிடும். நாங்கள் காத்திருப்போம். அப்பா தொண்டையைச் செருமுவார். அவள் அவசரமாக ஆமென் சொல்லி முடிப்பாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அப்பாவின் ஜெபம் வேறு மாதிரி. எங்கள் பக்கத்து கிறிஸ்தவ வீடுகளில் இது ஒரு பழக்கம், வாசிக்கிறவர்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். நேருக்கு நேர் திட்ட முடியாததை ஜெபத்தில் திட்டுவது. "கர்த்தாவே, பண்டிகைக்கு வச்சிருந்த சீனிய யாரு தின்னாங்கன்னு நீர் அறிவீர். அந்த ஆத்துமாவுக்கு மனந்திரும்புதலத் தாரும்" என்பார் அப்பா, கண்ணை இறுக மூடிக்கொண்டு. தின்றவள் எஸ்தர். அவள்தான் முதலில் சத்தமாக ஆமென் சொல்வாள்.

கடல் தாண்டி வந்தும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் பெரியவங்களை மதிக்கிற மனசத் தாரும். போனைக் கீழ வைக்கிற கிருபையத் தாரும்." ஜெமிமா சின்னவளாக இருந்தபோது ஆமென் சொன்னாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் சொல்வதில்லை.

3

இங்கே நாங்கள் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறோம். என் பாஸ்போர்ட்டில் கேரளா என்று இருப்பதைப் பார்த்து மலையாளி நர்ஸ்கள் "சேச்சி, நம்ம சபைக்கு வா" என்பார்கள். வாயைத் திறந்ததும் "ஓ, தமிழா" என்று விட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கோ என் தமிழில் மலையாள வாடை அடிக்குமாம். இரண்டு பக்கமும் பாதி பாதி. அதனால்தானோ என்னவோ, ஜெபத்தில் மட்டுமாவது முழு ஆளாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

சனிக்கிழமை சங்கிலி ஜெபத்தை நடத்துவது நான்தான். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும், அரை மணிக்கு ஒருவர், அவரவர் வீட்டிலிருந்து போன் வழியாக. யாராவது வராவிட்டால் அந்த அரை மணியையும் நானே எடுத்துக்கொள்வேன். அகதிகள், ஆட்சியாளர்கள், எங்கள் ஊர்ப்பக்கத்துப் போடிமெட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள், அயர்லாந்தின் வாலிபப் பிள்ளைகள், இந்த ஊர் ஆஸ்பத்திரி என்று யாரையும் விடமாட்டேன். "அக்கா ஜெபிச்சா சுவர் அதிரும்" என்பார்கள் பெண்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூட போன் வந்த அன்று டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தேன். சட்டை கூட மாற்றவில்லை. எஸ்தரைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

"ஏட்டி எஸ்தரு, என் பிள்ளை உன்கிட்ட என்ன சொல்லுதா?"

"என்னக்கா திடீர்னு? சாப்டியா நீ?"

"சாப்பாடு கெடக்கட்டும். என்ன சொல்லுதான்னு கேட்டேன்."

"அத அவ வாயாலதான் உன்கிட்ட சொல்லணும்க்கா. நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன், அம்மாட்ட சொல்லு தங்கம்னு."

"தங்கமா? பெத்தவ நான். எனக்குத் தெரியாதது உனக்கு என்னட்டி தெரியும்?"

"கத்தாதக்கா."

அப்போது என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "உனக்குன்னு ஒன்னு இருந்திருந்தா, அடுத்தவ பிள்ளைய இப்படி இழுத்து வச்சுக்குவியா?"

அவள் அழவில்லை. பதிலுக்கு ஏசவும் இல்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "சொல்ல மாட்டேன்னு பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். ஆனா நீ இப்படிக் கேட்ட பெறகும் சொல்லாம இருந்தா, நான் இழுத்து வச்சுக்கிட்டதாத்தான் ஆகும். அவ மத்தியானம் டாய்லெட்டுக்குள்ள உக்காந்துதாங்க்கா சாப்பிடுதா. பிப்ரவரில இருந்து. நடுவுல லீவு. இப்பத் திரும்பவும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மத்தியானம் ஒரு மணிக்குக் கூப்பிடுவா, சும்மா பேச. எனக்கு அப்ப சாயங்காலம், கொழுந்து எடை போட்டு வந்து குளிச்சிருப்பேன். ரெண்டு மூணு நாளா அவ குரல் எதிரொலிச்சிட்டே இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு நேரம், ஆனா ஒரு பிள்ள சத்தம் கூடக் கேக்கல. ஒருநாள் கக்கூஸ்ல தண்ணி எறங்குற சத்தம் கேட்டுச்சு. அப்ப ஒன்னும் கேக்கல நான். மூணு வாரம் கழிச்சு, தங்கம், அங்க உக்கார எடம் இருக்காடான்னு கேட்டேன். அழுதுட்டா."

4

பெற்ற பிள்ளை கக்கூஸில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டதும் ஒரு தாய்க்கு முதலில் என்ன தோன்ற வேண்டும்? பிள்ளையைத் தேடிப் போய்க் கட்டிக்கொள்ளத் தோன்ற வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது அது இல்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் தோன்றியது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தேயிலைக்குள் நிற்கிறவளுக்குக் கேட்டது, அடுத்த அறையில் படுத்துத் தூங்குகிற எனக்கு ஏன் கேட்கவில்லை? பிள்ளைக்கான பரிதாபம் இரண்டாவதாகத்தான் வந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் வீட்டில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் எஸ்தரைத் திரும்பக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"உனக்கு எப்படிட்டி இதெல்லாம் படுது? தரிசனம் கிரிசனம் எதுவும் காணுதியா?"

சிரித்தாள். "போக்கா. தரிசனமும் இல்ல, ஒன்னும் இல்ல."

"அப்ப?"

"எனக்குத்தான் ஜெபிக்க வராதே. வீட்டுல இருந்த வார்த்தையெல்லாம் நீதான் எடுத்துட்டுப் போயிட்டியே." கேலிதான். குத்தலே இல்லை. "காலைல வேலைக்குப் போகுமுன்ன, வெந்நீ கொதிக்கிற வரைக்கும் அடுப்புகிட்ட உக்காந்து பேரச் சொல்லுவேன். ஒரு பேரச் சொன்னா அடுத்த பேருக்கு ஓட மாட்டேன். அந்த ஆள ஆண்டவர் முன்னாடி வச்சிட்டுச் சும்மா இருப்பேன். சும்மா இருந்தா, அவங்கள கடைசியாப் பாத்தது ஞாபகம் வரும். என்ன சொன்னாங்க, எப்படி நடந்தாங்க, மொகம் எப்படி இருந்துச்சு. அதுல ஏதாவது ஒன்னு இடறும். அன்னைக்கு அதப் போய்ப் பாப்பேன்."

"இதுக்குப் பேரு ஜெபமா?"

"தெரியலக்கா. பக்கத்து வீட்டு லட்சுமியக்கா பேரச் சொல்லிட்டு இருந்தேன் போன மாசம். ரெண்டு நாளா அவங்க கொடியில துணியே காயலன்னு பட்டுச்சு. போய்ப் பாத்தா, காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமக் கெடக்காங்க. மகன் வேற ஊர்ல. அவங்க வேற சாமி கும்பிடுறவங்க, அதுக்கென்ன? ஜெபிக்கலன்னா அந்தக் கொடி என் கண்ணுல பட்டிருக்காது. காலைல பேரச் சொன்னா, நாள் பூரா கண்ணு அந்த ஆள் மேலயே இருக்கும். அவ்வளவுதாங்க்கா எனக்குத் தெரிஞ்சது."

சின்ன வயதில் நாங்கள் செருமலோடு காத்திருந்த அந்த மௌனம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வார்த்தை வராமல் அவள் முழித்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தோம். அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஜெபித்தது, எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டரில் கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் பேர் வாசிப்பாரே, அந்த மாதிரி. எத்தனை பேர் என்பது முக்கியம், யார் என்று பார்க்க நேரம் இருக்காது.

புத்தி வந்ததும் பொறாமை போய்விடும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்குப் போகவில்லை, இன்னும் கூடியது. படித்தவள் நான், பரிசு வாங்கினவள் நான், சுவர் அதிர ஜெபிக்கிறவள் நான். கேட்பதற்கென்று ஆண்டவர் ஒரு காதைக் கொடுத்தால் அதை ப்ளஸ் டூவில் தோற்ற இவளுக்கா கொடுப்பார் என்று அன்றைக்கு முழுக்க மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

5

அவள் செய்வதை நானும் செய்து பார்த்தேன். ரோஷம்தான் காரணம், பக்தி இல்லை. மறுநாள் டியூட்டிக்குக் கால் மணி முன்னாடியே போய், காரைவிட்டு இறங்காமல் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ஜெமிமா" என்றேன். வழக்கமாக இதற்குப் பிறகு எனக்கு வார்த்தை ஆறாக ஓடும். அதைக் கட்டுப்படுத்துவதே பெரும்பாடாக இருந்தது. சும்மா இருந்தேன்.

ஒரு முகம் வந்தது. முன்பல் இரண்டு இல்லாமல், இரட்டைச் சடை போட்டு, எண்ணெய் வழிய. நானும் வீட்டுக்காரரும் அவளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறுமுன் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவில் இருக்கிற முகம். அப்போது அவளுக்கு ஆறு வயசு. இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன். வேறு முகம் வரவில்லை.

பதினாறு வயது ஜெமிமாவின் முகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு என்னால் கொண்டுவர முடியவில்லை. அன்று காலையில்கூட அவளுக்கு டப்பா கட்டிக் கொடுத்தேன். என்ன சட்டை போட்டிருந்தாள், முடியைக் கட்டியிருந்தாளா விரித்திருந்தாளா, ஒன்றும் ஞாபகமில்லை. பத்து வருஷமாகத் தினமும் ஒரு பிள்ளைக்காக ஜெபித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கள் வீட்டில் இல்லவே இல்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அன்றைக்கு டியூட்டிக்குப் பத்து நிமிஷம் லேட், அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள்.

6

அன்று சாயங்காலம் ஜெமிமா மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன். பார்த்தேன். முடியை ஒருபக்கமாக வெட்டியிருந்தாள், எப்போது வெட்டினாளோ. கண்ணுக்குக் கீழே கருப்பு. நகங்களைக் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது.

"என்னம்மா?" என்றாள் நிமிராமல்.

"உனக்காக நான் என்ன ஜெபிக்கணும்?"

பேனாவை வைத்தாள். "ப்ளீஸ்மா, எனக்காக ஜெபிக்காதீங்க."

வேறு நாளாக இருந்தால் வானத்தையும் பூமியையும் ஒன்றாக்கியிருப்பேன். அன்றைக்கு என்னமோ வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் சொன்னாள். தமிழும் இங்கிலீஷுமாக, துண்டு துண்டாக.

ஜனவரியில் ஒருநாள் சமையலறையில் என்னிடம் சொன்னாளாம், தன்னோடு ஐந்து வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த சிநேகிதி இப்போது சரியாகப் பேசுவதில்லை என்று. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேனாம். கேட்டது எனக்கு ஞாபகமில்லை. அப்புறம் செய்தது ஞாபகம் வந்துவிட்டது. அந்த வாரச் சங்கிலி ஜெபத்துக்கான ஜெபக் குறிப்பில் நான்தான் எழுதினேன், பேரோடு. 'ஜெமிமாவைக் காயப்படுத்துகிற சிநேகிதியின் இருதயம் மாற.' ஒன்பது குடும்பமும் ஜெபித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆன்ட்டிகள் அவள் கன்னத்தைப் பிடித்து, "கவலப்படாத கண்ணு, உன் பிரெண்டுக்காக உபவாசம் இருக்கோம்" என்றார்களாம். அதில் ஒருவருடைய மகனும் அதே பள்ளிக்கூடம். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அந்தச் சிநேகிதிக்கு விஷயம் போய்விட்டது.

"உங்க சர்ச்சே எனக்கு எதிரா ப்ரே பண்ணுதாமே, நான் என்ன பேயான்னு கேட்டாம்மா, எல்லார் முன்னாடியும். அதுக்கப்புறம் அந்த டேபிள்ல எனக்கு இடம் இல்ல."

என் பிள்ளையை டாய்லெட்டுக்குள் தள்ளியது என் ஜெபம்தான். இருதயத்தைத் திறந்து என்னிடம் ஒன்று கொடுத்தாள். அதை எடுத்து ஒன்பது வீட்டுக்கும் பந்தி வைத்துவிட்டேன்.

"ஆண்டவரே" என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடி, அழுது ஜெபிக்க உடம்பெல்லாம் தயாராகிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். "தப்பு என்னோடதுதான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் திரும்பப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

7

மேனேஜரிடம் கேட்டு, செவ்வாயும் வியாழனும் என் இடைவேளையை மாற்றிக்கொண்டேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே காரை நிறுத்துவேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வெளியே போகலாம். முதல் நாள் வந்து ஏறினாள், டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள், இறங்கிப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோசையின் ஓரத்தை முதலில் பிய்த்துத் தின்கிறாள், நடுப்பகுதியைக் கடைசிக்கு வைக்கிறாள். இது எனக்குத் தெரியாது.

காலையில் பேர் சொல்லுகிறேன் இப்போது. என் டியூட்டியில் இருக்கிற பாட்டிகள், என் வீட்டுக்காரர், ஜெமிமா. சங்கிலி ஜெபத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அதிலும் மனத்தாங்கல் வந்தது, அது கிடக்கட்டும். எஸ்தர் பேர் மட்டும் வாயில் வருவதில்லை. நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்பும் கேட்கவில்லை. என் பிள்ளையின் பேச்சு அவளுக்கு, டப்பா கழுவுகிற வேலை எனக்கா என்கிற அரிப்பு அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. ஜெமிமா காரில் உட்கார்ந்து ஏதோ வாத்தியாரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்றோ. அப்போது அவள் போன் அடித்தது. சித்தி. அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தி, நான் அம்மாகூட இருக்கேன். அப்புறமா பேசட்டா?"

எனக்குள் ஒரு துள்ளல். ஜெயித்துவிட்டேன் என்று. அப்படி ஒரு கேவலமான சந்தோஷம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

"சரிடா தங்கம். சரி, சரி. நீ அம்மாட்ட பேசு. நான் சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள் எஸ்தர். போன் கட்டாகிவிட்டது.

ஜெமிமா விட்ட இடத்திலிருந்து வாத்தியார் கதையைத் தொடர்ந்தாள். எனக்குக் காதில் ஏறவில்லை. எஸ்தர் ஏன் அத்தனை தடவை 'சரி' சொன்னாள்? கடைசி வார்த்தை ஏன் அவ்வளவு வேகமாக வந்தது? அங்கே மணி சாயங்காலம் ஐந்தரை. கொழுந்து போட்டு, குளித்து, டீ போட்டு வைத்திருப்பாள். எட்டு மணி வரைக்கும் அந்த வீட்டில் யாரும் இல்லை. செவ்வாயும் வியாழனும் இந்தப் பிள்ளை கூப்பிடாமல் இது மூன்றாவது வாரம். இதுவரைக்கும் எஸ்தராகக் கூப்பிட்டதே கிடையாது. தனிமை தாங்க முடியாமல் போய் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

என் வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அது என் காதை அடைக்கவில்லை.

"ஜெமி, சித்தியத் திரும்பக் கூப்பிடு" என்றேன்.

"இப்பவா? நீங்க இருக்கும்போதேவா?"

"இப்பவே. நானும் பேசணும்."

அவள் நம்பரைத் தட்டினாள். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை, அங்கே எடுத்துவிட்டாள்.